பதிவேட்டில் இல்லாத தொழில்

அரசாங்க மருந்தகத்தின் முகப்பில் அமர்ந்து பெயர் பதியும் எழுத்தரை எவரும் மருத்துவத் துறையின் முக்கியமான மனிதராகக் கருதுவதில்லை. அவரும் தம்மை அவ்வாறு கருதிக்கொள்வதில்லை. அடையாளக் கார்டை வாங்குகிறார், எண்ணைத் தட்டுகிறார், ஒரு வெள்ளியைப் பெற்றுக்கொண்டு வரிசைச் சீட்டைக் கொடுக்கிறார், அடுத்தவரை அழைக்கிறார். அந்த அரை நிமிடத்தில் நிகழ்வது வெறும் அலுவலகச் சடங்கு என்றும், உண்மையான மருத்துவம் உள்ளே கதவுக்கு அப்பால்தான் தொடங்குகிறது என்றும் நோயாளி முதல் மருத்துவர் வரை யாவரும் நம்புகின்றனர். அந்த நம்பிக்கை பிழையானது. அப்பிழைக்கு நெடுங்காலமாக விலை கொடுத்து வருவோர் தோட்டத்துத் தமிழர்.

உலு யாமிலிருந்து பத்தாங் காலி, கோலகுபு பாரு என்று மலையடிவாரத்தை ஒட்டிச் செல்லும் நிலப்பகுதியும், மேற்கே திரும்பினால் புக்கிட் ரோத்தான், கோல சிலாங்கூர், முதியோர் நாவில் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தையாகவே வழங்கும் பெஸ்தாரி ஜெயா என்று கடலை நோக்கிச் சரியும் சமவெளியும் ஒரு நூற்றாண்டாகத் தமிழர் உழைப்பால் பச்சையான மண். மலாயாவில் முதன்முதலாக வாணிக நோக்கில் செம்பனை நடப்பட்டது இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொக்கோனியே 1917-இல் அதனைத் தொடங்கினார். அந்நாளிலிருந்து இந்நாள்வரை இந்த வட்டாரத்தின் ஒவ்வொரு மரத்திற்கும் கணக்கு உண்டு. எத்தனை ஏக்கர், எத்தனை மரம், எத்தனை இறாத்தல் பால், எத்தனைக் குலை பழம், எவர் பிரட்டுக்கு வந்தார், எவர் வரவில்லை என்பனவெல்லாம் செக்ரோல் புத்தகத்தில் நாள் தவறாது ஏறின. எழுதத் தெரியாத நாட்டில் நேர்ந்த குறையன்று இது. எழுதுவதற்குக் கிராணிமார் இருந்தனர், பேரேடுகள் இருந்தன, மை இருந்தது. உழைத்தவரின் உடம்பில் அந்த உழைப்பு என்ன செய்தது என்பதை எழுத மட்டும் ஒரு பத்தி ஒதுக்கப்படவில்லை.

தோட்டத்தில் இருபது ஆண்டு மருந்தடித்த ஒரு பெண்மணியை எண்ணிப் பார்க்க வேண்டும். பதினெட்டு லிட்டர் கலத்தை முதுகில் சுமந்து, வரிசை வரிசையாக நடந்து, களைகளுக்கு நஞ்சு தெளித்தவர். கலம் கசிந்தால் முதுகு நனையும். காற்று திரும்பினால் முகம் நனையும். நகம் நிறம் மாறியது; மூக்கில் இரத்தம் வந்தது; கண் எரிந்தது. வயது ஐம்பத்தைந்தானதும் வேலையிலிருந்து விடுபட்டு, மகன் வீட்டோடு பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தார். மூச்சு வாங்குகிறது என்று மருந்தகத்திற்கு வருகிறார். படிவத்தில் ‘பங்சா’ என்ற கட்டத்தில் இந்தியர் என்றும், ‘அகாமா’ என்ற கட்டத்தில் இந்து என்றும் தவறாமல் விழுகின்றன. ‘பெக்கர்ஜான்’, அதாவது தொழில் என்ற கட்டம் இருந்தால், அதில் ‘சூரி ரூமா’ என்று விழுகிறது. இல்லத்தரசி.

இதில் பொய் ஏதுமில்லை. இன்றைக்கு அவர் இல்லத்தரசிதான். எழுத்தர் கேட்டது இன்றைய தொழிலை. அவர் சொன்னதும் இன்றைய தொழிலையே. இரண்டு சொற்களில் இருபது ஆண்டுகள் துடைத்தெறியப்பட்டுவிட்டன. உள்ளே இருக்கும் மருத்துவர் அந்தச் சொல்லைக் கண்டதும் அடுப்படிப் புகையைப் பற்றி வேண்டுமானால் எண்ணுவார். ஆஸ்துமாவைப் பற்றி எண்ணுவார். மாரடைப்பின் முன்னறிகுறியோ என்று நெஞ்சைச் சோதிப்பார். முதுகில் கசிந்த கலத்தைப் பற்றி எண்ணுவதற்கு அவருக்கு எந்த வழியும் இல்லை. நோயாளி அதைச் சொல்லியிருக்கலாமே எனலாம். கேட்டாலன்றி எவர் சொல்வார்? வேலையையும் நோயையும் ஒரு முடிச்சில் வைத்துப் பேசுவதற்குத் தோட்டம் எவருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. வேலை என்பது கூலி. நோய் என்பது விதி. இப்படியே நான்கு தலைமுறைகள் கழிந்தன.

மருத்துவ உலகம் இந்த வினாவை அறியாததன்று. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ இரமாசினி 1700-ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் கேட்க வேண்டியவை என்று பண்டைக் கிரேக்க மருத்துவர் வகுத்த வினாக்களோடு ‘உன் தொழில் யாது?’ என்ற ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று அவர் அந்நூலில் வற்புறுத்தினார். மருத்துவர் அவசரமின்றி, ஏழையின் முக்காலியிலாவது அமர்ந்து, அதைக் கேட்க வேண்டும் என்பது அவர் கருத்து. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. வள்ளுவரோ அதற்கும் நெடுங்காலம் முன்பே மருந்து என்னும் அதிகாரத்தில் நோயின் காரணத்தைத் தேடுவதை மருத்துவத்தின் முதற்படிகளுள் ஒன்றாக வைத்துவிட்டார். அக்குறளைச் சுவரில் எழுதி மாட்டாத தமிழ் மருத்துவரின் மருந்தகத்தைக் காண்பது அரிது. சுவரில் இருப்பது படிவத்தில் இல்லை என்பதுதான் குறை.

இந்நாட்டின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 1901-இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், மலேரியாவால் மக்கள் மடிவதைக் கண்டு, சதுப்பு நிலங்களை வடியச் செய்து நோயைக் குறைத்தார். அதன்பின் தோட்டங்களுக்குச் சென்றார். லயத்துக் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, வீங்கிய மண்ணீரலைக் கையால் தடவிப் பார்த்துக் கணக்கெடுத்தார். எந்தத் தோட்டம், லயம் மலையிலிருந்து எவ்வளவு தொலைவு, காடு எவ்வளவு அருகில், அங்கே எத்தனை விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு மண்ணீரல் வீக்கம் என்று பட்டியல் பட்டியலாக எழுதி 1911-இல் நூலாகவே வெளியிட்டார். சமவெளித் தோட்டத்தில் காட்டை அழித்து வடிகால் வெட்டினால் குறையும் மலேரியா, மலையோரத் தோட்டத்தில் அதே முறைக்கு அடங்கவில்லை என்பதும், அங்கே தெளிந்த நீரோடையில் வளரும் வேறொரு கொசுவே காரணம் என்பதும் இத்தகைய கணக்கெடுப்பால் துலங்கின. ‘நீ எங்கே வாழ்கிறாய்?’ என்ற ஒரு வினாவை ஒழுங்காகக் கேட்டு ஒழுங்காக எழுதியதால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் பல.

வாட்சனின் பட்டியல்களைப் புகழும்போதே அவற்றில் இல்லாததையும் சொல்லியாக வேண்டும். தோட்டத்தின் பெயர் இருக்கிறது. குழந்தையின் பெயர் இல்லை. ஆயிரத்துக்கு எத்தனை பேர் இறந்தனர் என்பது இருக்கிறது. இறந்தவர் எவர் என்பது இல்லை. கூலிக்கு ஆள் குறைகிறது, கப்பலேற்றிக் கொண்டுவந்த செலவு வீணாகிறது என்ற கவலையே அன்றைய துரைமார்களை மருத்துவரிடம் செவிசாய்க்க வைத்தது. தமிழன் உடம்பு அவர்களுக்குக் கணக்கு. அந்தக் கணக்கினால் தமிழனுக்கும் நன்மை விளைந்தது என்பது வேறு.

தோட்டத்து ஆஸ்பத்திரிகளை நடத்த வேண்டும் என்ற கடமையைத் தொழிலாளர் சட்டங்கள் முதலாளிகள் மீது சுமத்தின. அங்கே கோலோச்சியவர் டிரெசர். அவரைப் பற்றி நல்ல கதைகளும் உண்டு, பொல்லாத கதைகளும் உண்டு. நள்ளிரவில் பிள்ளைப்பேற்றுக்கு ஓடிவந்தவர் அவர்; எல்லா நோய்க்கும் ஒரே கலவை மருந்தை ஊற்றியவர் என்று கேலிக்கு ஆளானவரும் அவர். 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளரைப் பதிவு செய்யத் தனிச் சட்டமே வந்தது. ஆயினும் அவருடைய நிலை ஓர் இரட்டை நிலை. சம்பளம் கொடுப்பவர் நிர்வாகி. மருந்து கேட்பவர் தொழிலாளி. ‘இன்று இவரால் வேலை செய்ய இயலாது’ என்று அவர் எழுதினால் ஒரு நாள் வேலை குறைகிறது. ‘இந்த வேலையினால்தான் இவருக்கு இந்நோய்’ என்று எழுதினாலோ, நிர்வாகத்தின் மீதே வழக்குப் போலாகிறது. அப்படி எழுதத் துணிந்த டிரெசர்கள் எத்தனை பேர் இருந்திருப்பர்? தலைவலி, காய்ச்சல், தோல் அரிப்பு என்று நோயின் பெயர் ஏட்டில் ஏறும். அதன் ஊற்று ஏறாது.

பின்னர் அந்த ஏடும் போயிற்று. 1950-களில் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, அந்த அதிர்ச்சியில் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்த வரலாறு யாவரும் அறிந்ததே. நிலத்தைப் பற்றிப் பேசினர். வீட்டைப் பற்றிப் பேசினர். பள்ளியையும் கோவிலையும் பற்றிப் பேசினர். ஆஸ்பத்திரி அலமாரியில் அடுக்கியிருந்த பேரேடுகளைப் பற்றி எவரும் பேசவில்லை. பின்னாளில் வீடமைப்புத் திட்டங்களுக்காக விற்கப்பட்ட தோட்டங்களிலும் இதே நிலைதான். புக்கிட் பெருந்தோங், புக்கிட் செந்தோசா என்று 1990-களில் தோட்ட நிலங்களின் மீது எழுந்த புதுக் குடியிருப்புகளைக் கடந்து செல்வோர், கோவில் எங்கே இருந்தது என்று கைநீட்டிக் காட்டுவர். மருந்தகத்து ஏடு எங்கே போயிற்று என்று கேட்டால் விழிப்பர்.

ஏடு போனதால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று கேட்போரும் உண்டு. அவர்களுக்கு இரு விடைகள்.

முதலாவது, பிறப்பைப் பற்றியது. லயத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்கப்படாமலே வளர்ந்துவிட்டவர் பிற்காலத்தில் பதிவுக்குச் செல்லும்போது, பிறந்த இடத்திற்குச் சான்று கேட்கப்படுகிறது. மருத்துவச்சி மாண்டிருப்பார்; தோட்டம் மறைந்திருக்கும். ஆவணமற்ற இந்தியர்களைத் தேடிப் பதிய 2011-இல் மைடஃப்தார் என்னும் இயக்கத்தை அரசாங்கமே நடத்த வேண்டியதாயிற்று. 2017-இல் அதனை மீண்டும் நடத்த வேண்டியதாயிற்று. நாடற்றவராக எஞ்சியோர் அதே முகப்பில் ஒரு வெள்ளிக்கு மாறாக அயல்நாட்டவருக்குரிய கட்டணத்தைக் கட்ட வேண்டியவராயினர். எழுதப்படாமற்போன ஒரு வரியின் விலையை அவர்கள் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் செலுத்துகின்றனர்.

இரண்டாவது, நஞ்சைப் பற்றியது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைத் தோட்டத்தார் கிராமாக்சோன் என்றே அறிவர். உள்ளே சென்றால் அதற்கு மாற்று மருந்து கிடையாது. நுரையீரலைக் கெடுத்துக் கொல்லும் நஞ்சு. 2002-இல் மலேசியா அதைத் தடுத்தது. 2006-இல் மீண்டும் அனுமதித்தது. 2020 சனவரி முதல் நாளிலிருந்து முற்றாகத் தடை செய்தது. ஐரின் பெர்னாண்டஸ் தோற்றுவித்த தெனாகானித்தா அமைப்பு, மருந்தடிக்கும் பெண்களின் துன்பத்தை ஆராய்ந்து 2002-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நஞ்சூட்டப்பட்டு வாயடைக்கப்பட்டோர் என்ற பொருளில் அதற்குப் பெயரிட்டனர். இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. நாட்டில் இத்தனை மருந்தகங்கள் இருக்க, அப்பெண்களின் நோயைப் பற்றி அறிய ஒரு தொண்டு நிறுவனம் தோட்டந்தோறும் சென்று கேட்க வேண்டியது ஏன்? அவர்கள் மருந்தகத்திற்குப் போகாமலா இருந்தனர்? போயினர். தோல் களிம்பு வாங்கினர். கண் சொட்டு மருந்து வாங்கினர். ஒவ்வொரு முறையும் பெயர் பதிவாயிற்று. தொழில் பதிவாகவில்லை. ஆகையால் ஆயிரம் வருகைகள் ஆயிரம் தனித்தனித் தோல் அரிப்புகளாகவே நின்றுவிட்டன. ஒரு தொழிலின் நோயாக எந்தப் பட்டியலிலும் திரளவில்லை.

சட்டம் இதற்கு இடம் தராமல் இல்லை. ஒரு நோயோ நஞ்சேற்றமோ வேலையிடத்தினால் விளைந்தது என்று மருத்துவர் நம்பினால், அதனைத் தொழிலியல் பாதுகாப்பு சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்மீது வைத்த கடமை. தொழில்வழி நோய்க்கு இழப்பீடு தருவதற்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சொக்சோ இருக்கிறது. ஆனால் தொழிலைக் கேளாத மருத்துவர் எதை நம்புவார்? எதை அறிவிப்பார்? ‘சூரி ரூமா’ என்று எழுதப்பட்டவர் எந்த முகத்தோடு சொக்சோவின் படியேறுவார்? இரண்டு சட்டங்களின் வாயிலையும் ஒரு வெற்றுக் கட்டம் அடைத்துக்கொண்டு நிற்கிறது.

நஞ்சு பழங்கதை, தடையும் வந்தாயிற்று என்று அமைதி கொள்வோர் எலிக்காய்ச்சலை எண்ண வேண்டும். செம்பனைக் காட்டில் எலி மிகுதி. அதன் சிறுநீர் கலந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அந்நோய் வருகிறது. தொடக்கத்தில் டெங்கிக் காய்ச்சலைப் போலவே காட்டும். பழம் அறுப்பவர் என்று தெரிந்த மருத்துவர் இரண்டையும் சேர்த்து ஐயுறுவார். தெரியாத மருத்துவர் ஒன்றை மட்டும் எண்ணி இரண்டு நாளை இழப்பார். 2010 முதல் அது சுகாதாரத் துறைக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். அறிவிப்பதற்கு முதலில் ஐயுற வேண்டும். ஐயுறுவதற்குத் தொழில் தெரிய வேண்டும்.

இனிப் பெயரைப் பற்றியும் ஊரைப் பற்றியும். தமிழ்ப் பெயர் ரோமன் எழுத்தில் ஏறும்போது அது எழுத்தரின் காதைப் பொறுத்த பெயராகிவிடுகிறது. ஒரே லெட்சுமி பிறப்புப் பத்திரத்தில் ஒருவிதமாகவும், அடையாளக் கார்டில் வேறுவிதமாகவும், பழைய மருந்தக அட்டையில் மூன்றாம் விதமாகவும் இருப்பார். தந்தை பெயரைக் குடும்பப் பெயர் என்று எண்ணி அழைப்பவரும் உளர்; மகளை அழைப்பதாக எண்ணி மாண்டுபோன தந்தையை ஒலிபெருக்கியில் கூவுவர். ஒரு தோட்டத்தில் நான்கு முனியாண்டிகள் இருந்தால் மூவருடைய மருந்து நான்காமவருக்குச் செல்லாமல் காப்பது கடவுள் செயல். அடையாளக் கார்டு எண் வந்தபின் இத்துன்பம் பெரிதும் குறைந்தது உண்மை. ஆயின் முகவரி? அதை மாற்றிக் கேட்பார் இல்லை. ஆளற்றுப்போன லயத்தின் முகவரிக்கு ‘சிகிச்சைக்கு வரத் தவறினீர்’ என்று கடிதம் போகிறது. தோட்டம் விற்கப்பட்டது; வீடுகள் இடிக்கப்பட்டன; குடிகள் சிதறின; பதிவேட்டில் மட்டும் அத்தோட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. காசநோய்க்கு ஆறு மாதம் இடைவிடாது மருந்துண்ண வேண்டியவரையும், நீரிழிவால் பாதம் புண்ணானவரையும் இல்லாத ஊரில் தேடினால் கிடைப்பாரா? 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, நாட்டின் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினெண்மருக்கு நீரிழிவு என்று கண்டது; இந்தியரில் அது நூற்றுக்கு முப்பதைத் தாண்டியது. தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஆள்களும் அவர்கள்தாம். தொலைந்துபோன முகவரிகளும் அவர்களுடையவைதாம்.

கணினி வந்துவிட்டால் எல்லாம் சீராகிவிடும் என்பது நெடுநாள் ஆறுதல். 1997-இல் வெளியான தொலைமருத்துவத் திட்டம் ஒவ்வொரு குடிமகனுக்கும் பிறப்பு முதல் இறப்பு வரையிலான வாழ்நாள் உடல்நலப் பதிவை உறுதி கூறியது. 1999-இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை, தாளே இல்லாத மருத்துவமனை என்று புகழ் பெற்றது. உலு யாம் லாமாவிலிருந்து பத்து அணைக்கட்டைச் சுற்றிப் பத்துமலைப் பக்கம் இறங்கும் அந்த வளைந்த சாலையின் முடிவிலிருந்து அது எட்டும் தொலைவுதான். 2001-இல் வந்த மைகார்டின் சில்லில் உடல்நலக் குறிப்புக்கும் இடம் ஒதுக்கினர். இவற்றில் எதனையும் இகழ வேண்டியதில்லை. ஆனால் கணினி கேட்டதை வைத்துக்கொள்ளும். கேளாததைத் தானே கண்டுபிடிக்காது. தாளில் ‘சூரி ரூமா’ என்று இருந்தது திரையிலும் ‘சூரி ரூமா’ என்றே இருக்கும். மங்கிய மையில் இருந்த பிழை ஒளிரும் எழுத்தில் இருக்கும். பழைய ஏட்டையாவது ஐயத்தோடு பார்த்தனர். திரையில் வந்ததை வேதமென நம்புகின்றனர். 2023-இல் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கையும் மின்வழிப் பதிவைப் பேசுகிறது. பேசட்டும். கட்டங்களை வகுக்கும் மேசையில் தோட்டத்தை அறிந்த ஒருவராவது அமர்ந்திருக்கிறாரா என்பதே கேட்க வேண்டியது.

முகப்பு எழுத்தரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது, நியாயமன்று. ஒரு காலை நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் அவர்முன் நிற்கின்றனர். பின்னால் நிற்பவர் முணுமுணுக்கிறார். அருகில் நிற்பவர் காது கொடுத்துக் கேட்கிறார். அந்த இடத்தில் நின்றுகொண்டு, ‘அம்மா, உங்களுக்கு என்ன வருத்தம், முன்பு என்ன வேலை செய்தீர்கள், குடிப்பழக்கம் உண்டா’ என்று கேட்பது மருத்துவமும் அன்று, மரியாதையும் அன்று. சிற்றூரில் முகப்பில் சொன்னது மாலைக்குள் கோவில் வாசலை எட்டிவிடும் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவேதான் மக்கள் பாதியை மறைக்கின்றனர். கேட்க வேண்டிய இடம் வேறு. தாதியர் இரத்த அழுத்தம் பார்க்கும் அந்த மறைவான நாற்காலி. கேட்க வேண்டிய மொழியும் வேறு. அறுபது வயதுத் தோட்டத்துப் பெண்ணுக்குக் கடைவீதி மலாய் தெரியும். ‘மூச்சு முட்டுகிறது’, ‘நெஞ்சு அடைக்கிறது’, ‘இளைக்கிறது’ என்ற மூன்றும் தமிழில் மூன்று வேறு துன்பங்கள் என்பதை அந்த மலாயில் சொல்ல வராது. கூட வந்த பேரன் மூன்றையும் ஒரே சொல்லாக்கி மொழிபெயர்க்கிறான். கூட வந்தவர் கணவராக இருந்தால், வினா மனைவிக்கு வந்தாலும் விடை கணவரிடமிருந்தே வருகிறது. இருபது ஆண்டு மருந்தடித்தவர் அவர். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று தலையாட்டுபவர் இவர்.

இந்த இடத்தில் தமிழர் தம் பங்கையும் மறைக்க இயலாது. சீட்டைப் பத்திரப்படுத்தும் பழக்கம் இல்லை. நகைக்கடை ரசீது இரும்புப் பெட்டியில் இருக்கும். மருத்துவர் எழுதிய தாள் சட்டைப் பையோடு துணி துவைக்கும் இயந்திரத்தில் கரையும். என்ன மருந்து உண்கிறீர் என்றால், ‘வெள்ளை மாத்திரை ஒன்று, பாதி உடைத்தது ஒன்று’ என்பது விடை. அரசாங்க மருந்தகத்தில் ஒரு மருந்து, தனியார் மருந்தகத்தில் ஒரு மருந்து, ஊர் நாட்டு வைத்தியரிடம் ஒரு சூரணம். ஒன்று மற்றொன்றுக்குத் தெரியாது. இதற்கெல்லாம் ஏழைமையைக் காரணம் காட்ட இயலாது. இயக்கங்களோ, ஆண்டுக்கொரு முறை மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம் நடத்துகின்றன. வாசலில் பதாகை, மேடையில் பிரமுகர், விரலில் ஊசி குத்தி இரத்தச் சர்க்கரை பார்த்து, எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையில் கொடுக்கின்றனர். படம் செய்தித்தாளில் வருகிறது. அந்தத் துண்டுத் தாள் எந்த மருந்தகத்துப் பதிவேட்டுக்கும் போவதில்லை. மறு ஆண்டு அதே மனிதர், அதே விரல், அதே எண். முகாம் நடத்தியவரிடம் சென்ற ஆண்டு வந்தவர்களின் பட்டியலைக் கேட்டுப் பார்க்கலாம். வந்த பிரமுகர்களின் பட்டியல்தான் கிடைக்கும்.

ஒழுங்காகப் பதிய முடியும் என்பதற்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டைத் தேடவேண்டியதில்லை. கருவுற்ற தாய்மார்களுக்கு இந்நாட்டு மருந்தகங்கள் தரும் இளஞ்சிவப்புப் புத்தகத்தைக் காணாத குடும்பம் இல்லை. எடை, இரத்த அழுத்தம், இரும்புச்சத்து, முந்தைய பேறு, குழந்தையின் அசைவு ஆகிய யாவும் அதில் ஏறுகின்றன. அதைத் தாய் தன் கையோடு கொண்டு செல்கிறாள். உலு யாமில் பார்த்தவள் திடீரென்று வலிகண்டு செலாயாங்கிற்குப் போனாலும், அங்குள்ள மருத்துவர் அவளைப் புதிதாய் அறிய வேண்டியதில்லை. படிப்பறியாத தாய்மாரும் அப்புத்தகத்தை அம்மன் படத்தருகே வைத்துக் காத்தனர், தொலைத்தவர் சிலரே. பிள்ளை பெறும்வரை இத்தனை அக்கறையோடு எழுதப்பட்ட அதே உடம்பு, பெற்று முடித்து, உழைத்து ஓய்ந்து, நோயுற்று வரும்போது மட்டும் ஏன் வெற்றுக் கட்டமாகிவிடுகிறது? அதுபோன்றதொரு புத்தகம், தொழில் வரலாற்றுக்கு ஒரு முழுப் பக்கத்தோடு, தோட்டத்திலிருந்து வரும் ஒவ்வொரு முதியவர் கையிலும் இருக்கலாகாதா? எந்தத் தோட்டம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, பால்வெட்டா, பழம் அறுப்பா, மருந்தடிப்பா, என்ன மருந்து என்று நான்கு வினாக்கள். ஒரு முறை கேட்டால் போதும். ஆண்டுதோறும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் சரிபார்த்தால் போதும். மருத்துவ உதவியாளருக்கு ஐந்து நிமிட வேலை.

தனியார் மருந்தகங்களைப் பொறுத்தவரை, 2010-ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நோயாளிக்குத் தம் பதிவைக் காணவும் பிழை திருத்தவும் உரிமை தருகிறது. உடல்நலக் குறிப்பை மிகுந்த காப்புக்குரிய தரவாக அது வகுத்துள்ளது. மத்திய, மாநில அரசாங்கங்களை அச்சட்டம் கட்டுப்படுத்தாது. தோட்டத்து ஏழை செல்வது எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு வெள்ளி கட்டுபவருக்கு இல்லாத உரிமை நூறு வெள்ளி கட்டுபவருக்கு உண்டு என்றாகிறது. சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் தோட்டத்து வாக்குகளால் அமர்ந்தவர்கள் இதைப் பற்றி ஒரு வினாவேனும் எழுப்புவதற்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

இதனினும் அவசரமானது ஒன்று இருக்கிறது. கேடு தரும் இரசாயனங்களைக் கையாளும் தொழிலாளரை மருத்துவக் கண்காணிப்பில் வைத்தால், அந்தக் கண்காணிப்பு ஏட்டை முதலாளி 30 ஆண்டுகள் காக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. 2019-இல் கடைசியாக மருந்தடித்த ஒரு பெண்ணுக்கு அப்படியோர் ஏடு திறக்கப்பட்டிருந்தால், அது 2049 வரை எங்கேனும் இருந்தாக வேண்டும். வட சிலாங்கூரில் கைமாறிய தோட்டங்களின் பழைய அலுவலகங்கள் சில பூட்டிக் கிடக்கின்றன, சில பண்டகசாலைகளாகிவிட்டன, சில இடிக்கப்பட்டுவிட்டன. தொழிற்சங்கக் கிளையினரோ, ஊர்த்தலைவரோ, பிள்ளைகளில் படித்த ஒருவரோ நிறுவனத்திற்கு ஒரு கடிதம் எழுதி, ‘இன்னாருடைய ஏடு உங்களிடம் உள்ளதா, உள்ளதெனின் ஒரு படி தருக’ என்று கேட்கலாம். அதற்கு ஒரு தாளும் ஓர் அஞ்சல்தலையும் போதும். இல்லை என்று விடை வந்தால், அந்த விடையையும் எழுத்தில் வாங்கி, அடுத்த முறை மருந்தகத்திற்குப் போகும்போது கையில் கொண்டு போகட்டும்.